பழைய இரும்பு விலைக்கு ஒரு வகுப்பறை

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் 271 மார்க் எடுத்துத் தேறினான். ஜூன் மாதம் ஒரு காலை பார்சலுக்காக நின்றிருந்தபோது அந்த அம்மா கேட்டார். “சார், நீங்க கம்பெனியில இருந்தவரு. பையன் மெஷின் வேலை படிக்கணும்னு அடம் புடிக்கிறான். ஸ்கூல்ல அந்த குரூப்பே இல்லன்றாங்க. ஒரு வார்த்தை வந்து பேசுறீங்களா?”

நான் பேசினால் நடந்துவிடும் என்று அவர் நம்பினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் 38 வருடம் லேத்தோடும் டூல் ரூமோடும் கழித்தவன் சொன்னால் பள்ளிக்கூடம் கேட்கும் என்று எனக்கும் ஒரு நப்பாசை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. தலைமை ஆசிரியர் மரியாதையான மனிதர், என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். பெயரைப் போட்டால் என் கோபம் முழுவதும் அவர் தலையில் போய் விழும். அது அவருக்குச் சேர வேண்டிய கோபம் இல்லை.

“அந்தப் பாடத்து வாத்தியார் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்கா ஆச்சு சார். போஸ்ட் காலி. ஆள் இல்லாம அட்மிஷன் போட முடியாது. மேல எழுதிக் கேட்டா, உங்க ஸ்கூல்ல அந்த குரூப்புல பிள்ளைங்களே இல்லையே, எதுக்கு போஸ்ட்னு கேக்கறாங்க” என்றார்.

ஆசிரியர் இல்லாததால் மாணவர் இல்லை. மாணவர் இல்லாததால் ஆசிரியர் தேவையில்லை. ஒரு வகுப்பைச் சாகடிக்க யாரும் ஆணை போட வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பத்திரிகைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஓய்வு பெறும் வரை காத்திருந்தால் போதும்.

அவரே கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூடத்தைக் காட்டினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். வாசலில் ‘தொழிற்கல்விக் கூடம்’ என்று எழுதியதில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. உள்ளே உடைந்த பெஞ்சுகள், பழைய கரும்பலகைகள், மூட்டை மூட்டையாகக் கட்டிய விடைத்தாள்கள். அவற்றுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்தி இரண்டு லேத், ஒரு பில்லர் டிரில்லிங் மெஷின், வரிசையாக பெஞ்ச் வைஸ். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பெட் முழுவதும் துரு. சக்கின் மூன்று தாடையும் அசையவில்லை. அந்த மெஷினை எனக்குத் தெரியும். 1980-களில் அதன் பக்கத்தில் நின்று பையன்களுக்கு த்ரெட் போடக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்போது அங்கே வேலை பார்த்த தொழிற்கல்வி ஆசிரியர் பகுதி நேரமாகச் சேர்ந்தவர், என் நண்பர், இப்போது இல்லை. ஷிப்ட் முடிந்த நாட்களில் என்னை வம்பாக இழுத்துக்கொண்டு போவார்.

இளையவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. அதுவரை பதினோராம் வகுப்போடு எஸ்எஸ்எல்சி முடித்து, கல்லூரியில் போய் பியூசி படிப்போம். பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. ஜெனரல் மெஷினிஸ்ட், மோட்டார் ரீவைண்டிங், கணக்குப்பதிவியல், அலுவலகச் செயலியல், நர்சிங், வேளாண்மை என்று ஊருக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு அதிகாரிக்குத் திடீரென்று தோன்றிய யோசனை அல்ல அது. 1964-66 கோத்தாரி கமிஷன், மேல்நிலையில் படிப்பவர்களில் பாதிப் பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இருபது வருடக் கணக்கு போட்டது. இதைப் பற்றித் தேசிய அளவில் அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் நம்மூர்க்காரர், மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்தவர். பிறகு 1986 தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் மாணவர்களைத் தொழிற்கல்வியில் சேர்ப்பதாக எழுதி வைத்தார்கள். அந்த 25-ஐ நாடு எட்டிப் பார்க்கவே இல்லை. இலக்கு எழுதியவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்கள், என்னைப் போல.

மற்ற ஊர்களில் இது செத்தால் ஒரு வருத்தம். இந்த ஊரில் செத்தால் அது வெட்கக்கேடு. எங்கே இருக்கிறது இந்தப் பள்ளி? ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-இல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், டன்லப். அப்புறம் 1960-களில் வந்த அம்பத்தூர் எஸ்டேட். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எந்தத் தெருவில் நடந்தாலும் கட்டிங் ஆயில் வாசனை வரும். கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். இங்கே கொல்லன் தெருவிலேயே ஒரு பையன் உலை எங்கே என்று கேட்கிறான், மூடியாகிவிட்டது என்கிறோம்.

1980-களில் அந்த வகுப்பு எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் மெஷினைத் தொட விடமாட்டார் என் நண்பர். ஃபைல் போடு என்பார். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நான்கு பக்கமும் மட்டமாக ராவச் சொல்வார். ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. பையன்களுக்குக் கை காய்த்துப் போகும். அப்புறம்தான் லேத். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டினால் அது பறந்து வந்து மண்டையைப் பிளக்கும் என்பதை அவர் ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவன் முன்னாலும் போய் நிற்பார், அவ்வளவுதான். வருடத்தில் சில வாரம் எங்கள் கம்பெனிக்கு அனுப்புவார். வந்தவர்களில் மூன்று பேர் இன்று சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்கள். ஒருவன் டை மேக்கராகப் போய் நான் ரிட்டயர் ஆகும்போது வாங்கிய சம்பளத்தை விட அதிகம் வாங்கினான். பள்ளியை விட்டதும் கம்பெனியில் ஒரு வருடம் அப்ரண்டிஸ் எடுக்கவும் வழி இருந்தது. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தை 1986-இல் திருத்தி, பிளஸ் டூ தொழிற்கல்வி படித்தவர்களையும் சேர்த்தார்கள். கம்பெனி கொடுக்கும் உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும். தரமணியில் அதற்கென்றே ஒரு ஆபீஸ். சட்டம் இன்றும் இருக்கிறது, ஆபீஸும் இருக்கிறது. அனுப்பத்தான் பையன் இல்லை.

2018-இல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது ‘அடிப்படை இயந்திரவியல்’ என்று புதுப் பெயரும் புதுப் புத்தகமும் கொடுத்தார்கள். புத்தகத்தைப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. புத்தகம் வந்த அளவுக்கு ஆசிரியர் வரவில்லை என்பதுதான் குறை. லேத்துக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும், வெட்டித் தள்ள எம்எஸ் ராடு வேண்டும், டூல் பிட் வேண்டும், ஆயில் வேண்டும். தேய்ந்துபோகிற சாமானுக்கு வருடா வருடம் பணம் ஒதுக்க வேண்டும். அதைத் திறந்துவைத்து ரிப்பன் வெட்ட முடியாது. அங்கேதான் சிக்கல்.

ரிப்பன் வெட்டுகிற காரியம் எதற்கும் பள்ளியில் குறைவில்லை. நான் போன அன்று பார்த்த பலகைகளைச் சொல்கிறேன். ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை, நான் முதல்வன், வானவில் மன்றம், கலைத் திருவிழா. இதில் எதையும் நான் கிண்டல் செய்யவில்லை. என் காலத்தில் இதில் ஒன்று இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போகிற அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வனும் எத்தனை வீட்டில் படிப்பைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது என் தெருவிலேயே தெரியும். பொறியியலிலும் மருத்துவத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ‘பன்னிரண்டாவதுக்கு அப்புறம் எங்கே போகலாம்’ என்று கை காட்டுகின்றன. வழிகாட்டி வகுப்பில் திரையில் நூறு வேலைகளின் படம் ஓடுகிறது. அதில் மெஷினிஸ்டும் உண்டாம். நூறடி தள்ளி நிஜ லேத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பையனை அந்தப் படத்தின் முன்னால் உட்காரவைத்து, ‘உன் திறமையைக் கண்டுபிடி’ என்கிறோம். அவன் ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டு வந்து நிற்கிறான். நாம்தான் கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். ‘அதான் ஐடிஐ இருக்கே.’ இருக்கிறது. நானே ஐடிஐ டர்னர்தான். 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் ரோபோ, சிஎன்சி என்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். மனசு வைத்தால் அரசால் முடியும் என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஐடிஐக்குப் போகிறவன் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறான். பள்ளித் தொழிற்கல்வியில் இருப்பவன் தமிழும் இங்கிலீஷும் படித்துக்கொண்டே, பிளஸ் டூ சான்றிதழோடு, கைத்தொழிலும் கற்கிறான். அவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விக்கென்று தனி இடமும் உண்டு. ஒன்றுமே பிடிக்காவிட்டால் பி.காம். போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மனசு மாற இரண்டு வருட இடம் கொடுக்கிற ஏற்பாடு அது. இட்லிக் கடை அம்மாவும் அதைத்தான் கேட்டார். “பன்னண்டாவதும் முடிக்கணும் சார், வேலையும் தெரியணும்” என்றார். ஆதிசேஷையாவின் அறிக்கையை அவர் படித்திருக்க மாட்டார்.

இன்னொரு ஆட்சேபம் இதை விடக் கனமானது. ஏழைப் பிள்ளையைச் சுத்தியல் பிடிக்கச் சொல்கிறாயே, இது குலக்கல்விதானே? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எங்கள் வீட்டுக்குள்ளேயே அது நடந்திருக்கிறது. அப்பா பூந்தமல்லிப் பக்கம் கிராமத்தில் முடி வெட்டும் தொழில் செய்தவர். 1953-இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மிச்ச நேரம் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்தபோது என் பெரிய அண்ணன் மூன்றாம் வகுப்பு. மதியத்துக்கு மேல் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பின்னால் நடந்தான். அடுத்த வருடம் ராஜாஜி போய் காமராஜர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்தார். அண்ணன் அந்த ஒரு வருடத்தைச் சாகும் வரை மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், லேத் எந்தக் குலத்தின் தொழிலும் இல்லை. என் அப்பனோ பாட்டனோ அதைப் பார்த்தது கிடையாது. எஸ்டேட்டில் நான் சேர்ந்தபோது என் வலது பக்க மெஷினில் ஒரு முதலியார் பையன், இடது பக்கம் ஆவடியிலிருந்து வந்த தலித் பையன். மைக்ரோமீட்டர் மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் காட்டியது. என்னைப் பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியே இழுத்துப் போட்டதே இந்தத் தொழிற்கல்விதான். ஒருவன் விரும்பிக் கேட்கும் தொழிலை, அவன் அப்பன் செய்யாத தொழிலை, சம்பளம் உள்ள தொழிலைப் பள்ளியில் கற்றுக்கொடுப்பதைக் குலக்கல்வி என்று சொல்வது, என் அண்ணன் தூக்கிய பெட்டியை அவமதிப்பது.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் குரூப் கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். 400-க்கு மேல் எடுத்தால் பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ். கொஞ்சம் குறைந்தால் காமர்ஸ். கடைசியில் மிஞ்சியவனை ‘போய் ஒகேஷனல்ல உட்காரு’ என்பார்கள். தண்டனை மாதிரி. அப்படித் தள்ளிவிடப்பட்ட வகுப்பில் யார் விரும்பிச் சேர்வான்? லேத்தில் நிற்க மூளை வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? டேப்பர் டர்னிங்குக்குக் கோணம் கணக்கிடட்டும், அப்போது தெரியும் டிரிக்னாமெட்ரி யாருக்கு வேண்டும் என்று. ஜெர்மனியில் பதினாறு வயதுப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியிலும் மிச்ச நாள் தொழிற்பள்ளியிலும் படிப்பது அங்கே சாதாரணம். எங்கள் டூல் ரூமில் மெஷின் நிறுவ வந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியர் அப்படி அப்ரண்டிஸாக ஆரம்பித்தவர். அதை அவர் கூச்சமே இல்லாமல் சொன்னது எங்களுக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் என்னை மடக்குவார், மடக்க வேண்டும். உன் பையனை அந்த குரூப்பில் சேர்த்தாயா? சேர்க்கவில்லை. 1998-இல் என் மகன் பத்தாவது முடித்தான். மார்க் நல்ல மார்க். என் நண்பரே அந்தப் பள்ளியில் அந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்த யோசனைகூட வரவில்லை, நேராகத் தனியார் பள்ளியில் கணிதக் குரூப், அப்புறம் பி.இ. என் நண்பர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் இப்போது குத்துகிறது. அந்த வகுப்பைச் சாகடித்தவர்கள் பட்டியலில் மேலதிகாரிகளுக்கு முன்னால் என் மாதிரி ஆட்களின் பெயரை எழுத வேண்டும். தொழில் தெரிந்த நாங்களே, அது அடுத்தவன் பிள்ளைக்கு என்று நினைத்தோம்.

எஸ்டேட் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஆள் கிடைக்கவில்லை என்று எப்போது பார்த்தாலும் புலம்புகிறீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்களை அழைத்துவந்து, ஒரு ரூமில் பத்துப் பேரைத் தங்கவைத்து, ஹிந்தி தெரிந்த சூப்பர்வைசரைத் தேடுகிறீர்கள். வருகிற பையன்கள் பாவம், நன்றாகவே உழைக்கிறார்கள், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிற பள்ளிக்கு சமூகப் பொறுப்பு நிதியில் நீங்கள் என்ன செய்தீர்கள்? சுவருக்கு பெயின்ட் அடித்து உங்கள் கம்பெனி பெயரை எழுதினீர்கள். 2022-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று அரசே நன்கொடைக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. உங்கள் ஷாப்பில் ஓரமாகத் தள்ளிவைத்த ஒரு லேத், வருடத்துக்கு ஒரு டன் ராடு, வாரத்துக்கு இரண்டு நாள் உங்கள் சீனியர் ஒருவர். பெயின்ட் செலவை விட இது பெரிதாக வந்துவிடாது. சிஎன்சி வந்தபின் பழைய லேத் எதற்கு என்று கேட்பீர்கள். கையால் ஒரு முறை வெட்டி, டூல் அதிரும் சத்தத்தைக் காதால் கேட்டவன் சிஎன்சியில் ஃபீட் எப்போது குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வான். பட்டன் மட்டும் தெரிந்தவன் இன்செர்ட் உடைந்த பிறகு உங்களைக் கூப்பிடுவான். உங்களுக்கே தெரியாததா?

அரசிடம் கேட்பது ஒன்றுதான். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிப் பள்ளிகளில் காலியான தொழிற்கல்வி இடங்களை நிரப்புங்கள். நிரந்தர நியமனம் தாமதமாகுமென்றால், ஆரம்பத்தில் செய்தது போலத் தொழிலில் இருந்தவர்களைப் பகுதி நேரமாக எடுங்கள். என்னைப் போல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் டர்னர்கள், ஃபிட்டர்கள் கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறோம். பஸ் செலவு கொடுத்தால் வருவோம். கொடுக்காவிட்டாலும் பாதிப் பேர் வருவோம், வீட்டில் சும்மா இருப்பதை விட அது மேல்.

பையன் இப்போது காமர்ஸ் குரூப்பில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை வேலை முடிந்து என் வீட்டுக்கு வருகிறான். முதலில் வெர்னியர் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். போன வாரம் மைக்ரோமீட்டர். அவன் தலைமுடியையே ஒன்று பிடுங்கி அளந்தான். 0.07 மில்லிமீட்டர். நம்பாமல் மூன்று முறை அளந்தான், பிறகு அவன் அம்மா முடியை அளக்க வேண்டும் என்று கருவியைக் கேட்டான். கொடுத்தனுப்பினேன். அது நான் ரிட்டயர் ஆன அன்று கம்பெனியில் கொடுத்தது.

ஆனால் வீட்டில் லேத் கிடையாது. பள்ளியில் உபயோகமற்ற பொருட்களின் பட்டியல் தயாராகிறது. அந்த இரண்டு லேத்தும், டிரில்லிங் மெஷினும், வைஸ்களும் ‘பழைய இரும்பு’ என்ற தலைப்பில், தோராய எடை போட்டு ஏலத்துக்கு எழுதப்பட்டிருக்கின்றன. தலைமை ஆசிரியரே எனக்குக் காட்டினார். பள்ளி மேலாண்மைக் குழு ஆட்சேபித்துத் தீர்மானம் போட்டால் அதை மேலே அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அந்த மெஷின்களில் வேலை கற்றவர்கள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள், தேதி சொல்கிறேன். ஜெனரல் மெஷினிஸ்ட் என்று போட்ட பழைய பிளஸ் டூ மார்க் ஷீட் இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். சக்கைக் கழற்றித் துரு எடுக்க மண்ணெண்ணெயும் எமெரி பேப்பரும் நான் கொண்டுவருகிறேன்.